என் கடை வாசல் குழி

பிப்ரவரி உரையை நான் உட்கார்ந்து கேட்கவில்லை.
ஜாக்கியின் மேல் ஒரு டாக்ஸி நின்றது,
அதன் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
நாடு கடனை அடைக்க வேண்டும் என்பது மாதிரி ஏதோ.
யார் வாய், யார் வயிறு என்று சொல்வதற்குள்
தெம்பின்கோசி குனிந்து பார்த்து
ரிம்மும் போச்சா என்று கேட்டான்.
போயிருந்தது.

ஏப்ரலில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் வருவது நின்றது.
இருபத்திரண்டு பேர்.
ஒரு தார் வண்டி, மண்வெட்டிகள்,
நிழலில் நிற்பதற்கென்றே ஒரு மேஸ்திரி.
வேலை செய்ததைவிடச் சாய்ந்து நின்றதே அதிகம் என்று
நானும்தான் சொல்லியிருக்கிறேன்,
வரி கட்டுகிறவன் என்ற மிடுக்கில்.

டோங்காட் மெயின் ரோட்டில்
என் கடை வாசலில் குழி விழுந்தது.
முதலில் சாஸர் அளவு.
பிறகு சட்டி.
கரும்பு லாரிகள் கூடிப் பேசி
அண்டா ஆக்கின.

வெட்கத்தோடு சொல்கிறேன்:
ஜூன் எனக்குப் பொற்காலம்.
நாளுக்கு மூன்று பஞ்சர் பார்த்தவன்
பதினான்கு பார்த்தேன்.
இரண்டாவது ஜாக்கி வாங்கினேன்.
அரசாங்கம் எனக்கென்று ஊக்கத்தொகை தருவதானால்
இந்த வடிவில்தான் தரும் போல:
ஒரு குழி,
தண்ணீர் நிறைத்து,
ஆழம் தெரியாமல்.

பக்கத்துக் கடை தவநாயகியுடையது.
கால் ரொட்டியைக் குடைந்து
பீன்ஸ் குழம்பை ஊற்றி
குடைந்தெடுத்த நடுவையே மூடியாக வைத்துத் தருவாள்.
பன்னிரண்டு மணிக்கு இருபத்திரண்டு ஆரஞ்சுச் சட்டைகள்
வரிசையில் நிற்கும்.
வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுக்கறி.
அவளுக்கு ரொட்டி தரும் பேக்கரி,
பேக்கரி வேனுக்கு நான் மாற்றும் டயர்...
அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று
அது நின்றிருந்தவரை நான் எண்ணியதில்லை.

ஜூலையில் ரொட்டிகள் காய்ந்தன.
கரண்டி பிடித்த பெண் அரைநாள் வந்தாள்,
பிறகு வரவில்லை.
பெரிய சிலிண்டர் போய்ச் சின்ன சிலிண்டர் வந்தது.
சிக்கனம் நல்லதுதானே என்று
வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
கல்லாவைத் துடைத்தபடி சொன்னாள்:
"நான் சிக்கனமாத்தான் இருக்கேன், பூபாலன்.
வராதவங்களும் சிக்கனமாத்தான் இருக்காங்க.
எல்லாரும் நல்லவங்களாயிட்டோம்.
அடுப்புதான் பத்தமாட்டேங்குது."

ஆகஸ்ட்டில் என் நோட்டும் தடித்தது.
கடன் நோட்டு.
ரிம்மைத் தட்டி நிமிர்த்தினால் போதும்,
காசு மாசக் கடைசியில் என்றான் தெம்பின்கோசி.
எந்த மாசம் என்று நான் கேட்கவில்லை.
வேலைக்குப் போக ஆளில்லாத ஊரில்
டாக்ஸிக்கு எதற்குச் சக்கரம்?
பேக்கரி வேன் வேறு தெரு பார்த்துக்கொண்டது.

தவநாயகி ஷட்டரை இறக்கிய அன்று மழை.
அவள் போர்டின் சிவப்பு எழுத்துகள்
குழிக்குள் தலைகீழாகக் கிடந்தன.
ஒரு மினி பஸ் அதன்மேல் ஏறி இறங்கியது.
எழுத்துகள் திரும்பக் கூடின.

புதன்கிழமை ஜாக்கியை விற்றேன்.
அந்தக் காசில் நான்கு மூட்டை சிமெண்ட் கலவை.
தெம்பின்கோசி மண்வெட்டியோடு வந்தான்,
வேலையிழந்த தம்பியின் ஆரஞ்சுச் சட்டையில்,
லாரிக்காரர் கண்ணில் படட்டும் என்று.
அவன் தண்ணீரை இறைத்தான்.
நான் கொட்டி மட்டம் செய்தேன்.
என் பிழைப்பை நானே மூடுகிறேன் என்று
மனசு ஒருமுறை சொன்னது.
இனி இதில் என்ன பிழைப்பு என்றும் அதுவே சொன்னது.

காய்கிறவரை யாரும் ஏறாமல் காவல் நிற்க வேண்டும்.
மண்வெட்டியில் சாய்ந்து நின்றோம்.
வேறு எப்படியும் நிற்க முடியாது
என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு கார் வேகம் குறைத்தது.
கண்ணாடி இறங்கியது.
"எங்க வரிப்பணம். வேலை செய்யாம சாய்ஞ்சு நிக்கிறீங்க."
கண்ணாடி ஏறியது.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.
மணி பன்னிரண்டு.
பசி.
இருவரும் ஒரே நேரத்தில்
பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பினோம்.