பத்தாவது வரி

ஒரு வரிக்கு அறுபத்தைந்து காசு.
இயந்திரம் வருவதற்கு முன் ஒன்றேகால் ரூபாய்.
இப்போது அதுவே கேட்டு அதுவே எழுதிவிடுகிறது.
பின்னால் போய் நான் பிழை பொறுக்குகிறேன்,
அடுத்த வீட்டு அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

காட்பாடி, காந்தி நகருக்குப் பின்பக்கம், மாடிப் போர்ஷன்.
"இயேசப்பா, நாளைக்குக் கணக்கு டெஸ்ட்" என்று
ஏபல் ஜெபத்தை முடிப்பதற்குள்
ஒன்பது மணி ஆகிவிடும்.
ஆமென் அவனுடையது, லாகின் என்னுடையது.
பீரோவுக்கும் துணி மூட்டைக்கும் நடுவில்
என் அமெரிக்கா திறக்கும்.

அங்கே முற்பகல்.
டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்வார்கள்:
சர்க்கரை, மூட்டு, ஆறாத புண்.
பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு பீப்.

மூன்றரைக்கு நான் படுக்கப் போகும்போது
கிருபாகரன் எழுந்து பல் தேய்ப்பார்.
ராணிப்பேட்டை கம்பெனி பஸ் நாலே முக்காலுக்கு.
ஒரே தலையணையின் சூட்டை
மாற்றி மாற்றி வாங்கிக்கொள்கிறோம்.
பேச வேண்டியதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கிறோம்.
நேற்றைய சீட்டு: கேஸ் புக் பண்ணு. சாப்பிட்டியா?

கல்யாணமான மாதமே பேசிவைத்தது,
பத்தில் ஒன்று ஆண்டவருக்கு.
எழுதினாலும் வரி, செலுத்தினாலும் வரி;
தமிழுக்கு என் சம்பளம் முன்பே தெரிந்திருக்கிறது.
ஒன்பது வரி வீட்டுக்கு,
பத்தாவது சர்ச் உறைக்கு.

ஜூனில் அந்த உறையிலிருந்து எடுத்து
நெட் பில் கட்டினேன்.
நெட் இல்லாவிட்டால் பத்தாவது வரி ஏது என்று
அவரிடமே நியாயம் பேசினேன்.
ஜூலையில் பள்ளிக்கூட ஃபீஸ்.
அதற்கு நியாயம் எதுவும் பேசவில்லை.
உறையை பைபிளுக்குள் வைப்பதை மட்டும் நிறுத்தினேன்.

சனி இரவுக்குக் கூலி கொஞ்சம் கூடுதல்.
பகல் வெயிலை மொட்டைமாடி இன்னும் விடவில்லை.
இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது.
வலி இருக்கிறதா என்று டாக்டர் கேட்கிறார்.
வலி இல்லை என்று இயந்திரம் எழுதியிருந்தது.

அவர்கள் பாஷையில் இல்லை என்பதும் நோ,
அறிவேன் என்பதும் நோ.
நம் பாஷையில் நோ என்றாலே வலி.

பின்னோக்கி ஓட்டினேன்.
அந்த அம்மாள் சிரித்த மாதிரி இருந்தது.
மறுபடி ஓட்டினேன். சிரிப்பில்லை, மூச்சு.
ஜங்ஷனில் ஏதோ ரயில் ஊதிக்கொண்டு
குறுக்கே போனது. போகட்டும் என்று காத்திருந்தேன்.
நான்காம் முறை கேட்டது:
வலியா, அதை எனக்குத் தெரியும் டாக்டர்.

திருத்தினேன்.
டாக்டர் மறுபடி பார்க்கவேண்டும் என்று மஞ்சள் குறி போட்டேன்.
பதினோரு நிமிஷம். அறுபத்தைந்து காசு.
பெயர் தெரியாததால்
பீப் என்கிற உம்முடைய பிள்ளையை நினைத்தருளும்
என்று கண்ணை மூடிச் சொன்னேன்.
திறந்தபோது திரை இருட்டாகியிருந்தது,
வேலை செய்யாமல் இருந்ததாக ஒரு எச்சரிக்கை.

காலை ஆராதனையில் இரண்டாம் பாடத்துக்கே தூங்கிவிட்டேன்.
கிருபாவின் முழங்கை எழுப்பியது.
காணிக்கைப் பை வந்தபோது
கையில் சுருட்டிய இருபது ரூபாய்.
"அம்மா, உறை எங்கே?" என்றான் ஏபல்,
முன்வரிசை திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

அந்தப் பதினோரு நிமிஷத்தை
வரவு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று
மனசுக்குள் கேட்டேன்.
பதில் வந்ததா, தெரியவில்லை.
பின்னோக்கி ஓட்டிக் கேட்க
இங்கே வசதி கிடையாது.

மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக இருக்கிற ஒரே சமையல்.
இலவம்பாடிக் கத்தரிக்காய், காம்பின் முள்
ஆள்காட்டி விரலில் ஏறி முறிந்தது,
ராத்திரி முழுக்கத் தட்டவேண்டிய விரல்.
"வலிக்குதாம்மா?" என்றான் ஏபல்.
நான் வாயைத் திறப்பதற்குள்
கிருபா அடுப்பை அணைத்துவிட்டு
ஊசி தேடப் போனார்.