இடது காது

கடலூர் பேருந்தில் ஏறி
அரியாங்குப்பத்தில் இறங்கும்போது மணி மூன்றரை.
காக்காயந்தோப்பு வழியாக நடை.
சட்டைப்பையில் அழைப்பிதழின் பாதி;
மறுபாதியைக் கிழித்துப் பால்கணக்கு எழுதிவிட்டாள் மகள்.
அரிக்கமேட்டில் கவிதை வாசிப்பு என்பது வரைக்கும் மிச்சமிருந்தது.

மேடை கிடையாது.
கூரையை எப்போதோ விட்டுக்கொடுத்த
இரண்டு செங்கல் சுவர்கள்,
நடுவில் ஜமக்காளம்,
மாமரத்தடியில் கேன் தண்ணீர்.
இருபத்திமூன்று பேர்.
எண்ணிவிட்டேன். ஷிப்ட் முடிந்து
வெளியே வருகிறவர்களை எண்ணிப் பழகிய கண்.

எனக்கு வலது காது இல்லை.
இருக்கிறது, கேட்காது.
சிப்காட்டில் கொதிகலன் வெடித்த அன்று
உள்ளே போன சத்தம்
கதவைச் சாத்திக்கொண்டது.
அதனால் வாசிக்கிறவருக்கு இடது கன்னத்தைக் கொடுத்து
ஆற்றைப் பார்த்தபடி உட்காருவேன்.
முகம் திருப்பிக்கொண்டதாக நினைப்பார்கள்.
முதலில் வாசித்த பையனும் நினைத்தான்,
இரண்டு முறை கனைத்தான்.
தம்பி, உன்னைத்தான் கேட்கிறேன்,
படகில் வலை பிரிக்கும் அந்த ஆளை
சும்மா பார்த்துக்கொண்டு.

மது வந்தது, மணி போனது,
யவனர் வந்தார், யவனர் போனார் என்று
ஒருவர் நீளமாக வாசித்தார்.
கீரி ஒன்று சுவரேறிப் பார்த்துவிட்டு
அதுவும் போனது.
காவலர் தேசிங்கு விசிலை உருட்டிக்கொண்டே
ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டணும் என்றார்.
அதற்கும் யாரோ கைதட்டினார்கள்.

பிறகு இருதயமேரி.
நர்ஸ். இரவுப் பணிக்குப் போகிற வழி.
தோளிலிருந்து பை இறங்கவில்லை.
மைக்கில் பேட்டரி தீர்ந்திருந்தது.
ஆற்றிலிருந்து மேடேறி வந்த காற்று
பாதிச் சொற்களைத் தனக்கு எடுத்துக்கொண்டது.
எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவு:

விடிவதற்குள்
ஒவ்வொரு கட்டிலுக்கும்
மறந்து தர வேண்டும்.

மனு எழுதித் தருவார்கள்.
சட்டை தைத்துத் தருவார்கள்.
தெரிந்தவரிடம் சொல்லி
கொஞ்சம் பணம் வட்டிக்கு வாங்கித் தருவார்கள்.
மறந்து தருவார்களா?
அங்காளனை,
அவன் டிபன் பாக்ஸில் மூடி திறக்காத எலுமிச்சை சோற்றை,
நீ போய்ட்டு வா நான் பார்த்துக்கிறேன் என்றதை,
நான் டீ குடித்து
வாசல்வரை திரும்பிய அந்த ஏழு நிமிடத்தை,
யாரோ ஒருத்தி ராத்திரி முழுக்கக் கண்விழித்து
எனக்காக
மறந்து தருவாளா?

வலை பிரித்த ஆள் எப்போது போனான் தெரியாது.
படகு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சுண்டல் பொட்டலம் கைமாறும் நேரம்
அவளிடம் போய் அந்த வரியைச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
தாளை மறுபடி விரித்து
போன் வெளிச்சத்தில் விரலால் தேடினாள்.
மருந்து, என்றாள்.
மருந்துன்னுதான் சார் எழுதியிருக்கேன்.
அப்புறம் என் வலது காதைப் பார்த்தாள்,
வார்டில் பார்க்கிற பார்வை.
எத்தனை நாளா?
ஒன்பது வருஷம் என்றேன்.
காதைத்தான் சொன்னேனா
என்று எனக்கே நிச்சயமில்லை.

தேசிங்கு விசில் ஊதினார்.
மணலில் புதைந்த அவள் ஸ்கூட்டியை
நாலு கவிஞர்கள் தள்ளிவிட்டார்கள்.
தாளை அவள் பைக்குள் வைத்தபோது
ஒரு சொல்லை அடித்த மாதிரி இருந்தது,
அடிக்காத மாதிரியும் இருந்தது.

திரும்பும் பேருந்தில்
கேட்கிற காதை ஜன்னல் கம்பியில் வைத்து மூடிக்கொண்டேன்.
தவளக்குப்பம் தாண்டி
கண்டக்டர் தோளைத் தட்டினார்.
மூன்று தடவை கேட்டாராம்,
எங்கே இறங்கணும் என்று.