பதினேழு மீட்டர்

மேலூர் தாண்டி, வெட்டி முடித்துக் கைவிட்ட கல்குவாரி.
ஞாயிறு காலை ஏழரை.
ரப்பர் உடுப்புக்குள் தொப்பையைத் திணித்துக்கொண்டிருந்தேன்.
ஆடு மேய்த்த பையன் கேட்டான்:
"பாடி எடுக்க வந்தீங்களா சார்?"
"இல்லடா, சும்மா பாக்க."
நம்பாமல் கொஞ்ச தூரம் போய்
ஆடுகளோடு நின்றுகொண்டான்.

சொல்லித்தருபவள் ரொசிட்டா,
வேம்பாரில் பிறந்தவள், என் தம்பி மகள் வயது.
அண்ணாநகரில் டயர் கடை மாடியில்
அவளும் கணவனும் நடத்தும் டைவிங் சென்டரில்
நான்கு சிலிண்டர், கத்தும் கம்ப்ரசர் ஒன்று,
கடல் இல்லாத ஊரில்
கடலுக்கு ஆள் கூப்பிடும் ஒரு போர்டு.
"அடுத்த மாசம் ராமேஸ்வரம்ணே,
அதுக்குள்ள இருட்டும் குளிரும் பழகிருங்க."

நான் மாட்டுத்தாவணியில் நேரக்காப்பாளர்.
பத்தொன்பது வருடமாக
காரைக்குடி, தேவகோட்டை, தொண்டி என்று
மைக்கில் எச்சில் தெறிக்க
ஊர்களை வழியனுப்புகிறவன்.
ரெகுலேட்டரைக் கடித்ததும்
அத்தனை ஊரும் பல்லுக்குப் பின்னால் நின்றுவிட்டன.

கீழே பேச்சில்லை, கைதான் என்றாள்.
மூன்று சைகை காட்டினாள்.
மூன்றாவதின்போது நான்
மாஸ்க்கில் எச்சில் தடவிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மீட்டரில் காதில் யாரோ ஆணி வைத்தார்கள்.
மூக்கைப் பிடித்து ஊதினேன்.
டொப்.
ஐந்தில் பச்சை.
பத்தில் பச்சையும் போய்
ஆறிப்போன காப்பியின் நிறம்.
டார்ச்சைப் போட்டாள்.

சுவர்.
மேலிருந்து கீழ்வரை, சாண் இடைவெளி தவறாமல்,
துளைப்பான் இறங்கிய கோடுகள்.
இங்கே ஒரு மலை இருந்திருக்கிறது.
நான் மிதந்தது அதன் வயிற்றில்.
மிச்சத்தை ஏற்றிப்போன லாரிகள்
ரிங் ரோட்டில் என் வண்டிகளை மறித்த நாட்களில்
தாமதப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
"கல் லாரி", "கல் லாரி" என்று
நானே எழுதியிருக்கிறேன்,
சில பக்கங்களில் மேற்படி என்று மட்டும்.

பதினேழில் தரை.
அறுந்த இரும்புக் கயிறு.
ஒரு ரப்பர் செருப்பு.
இரண்டு பக்கம் அறுத்துவிட்டு
ஏனோ விட்டுப்போன பீரோ அளவு கல்.
அதன்மேல் ஜிலேபிக் கெண்டை மூன்று,
டிரைவர் வராத பஸ்ஸின் பயணிகளைப் போல
எங்கும் போகாமல்.

என் மூச்சு எனக்குக் கேட்டது.
உள்ளே ஒரு உரசல், வெளியே ஒரு கொப்பளிப்பு.
திருச்சி வண்டி எப்ப சார் என்று
ஒரு ஆளும் கேட்கவில்லை.
சந்தோஷம் தாங்காமல்
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

ரொசிட்டாவின் கண் விரிந்தது.
என் தோள்பட்டை வாரைப் பிடித்தாள்.
மேலே கிளம்பினோம்.
இல்லை என்று தலையாட்டினேன், பிடி இறுகியது.
நன்றாகத்தான் இருக்கிறேன் என்று
இன்னொரு முறை கட்டைவிரல்.
இப்போது இரண்டு கையாலும் பிடித்தாள்.

ஐந்து மீட்டரில் நிறுத்தம்.
மூன்று விரல் காட்டினாள், மூன்று நிமிடம்.
அது எனக்குத் தெரியும்,
கண்டக்டர் ஒருவர் டீ குடித்து
சில்லறையும் மாற்றிவரும் நேரம்.
தலைக்கு மேல் வெளிச்சம் தட்டையாகக் கிடந்தது.
அதன் ஓரத்தில் சின்னக் கறுப்பு,
எங்கள் குமிழிகளைக் குனிந்து பார்த்தபடி.

"என்னண்ணே ஆச்சு?"
"ஒண்ணுமில்லம்மா, சூப்பரா இருக்குன்னு சொன்னேன்."
அவள் சிரிக்கவில்லை.
ஈயப் பட்டையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.
"அதுக்கு விரலை வளைச்சு வட்டம் போடணும்.
கட்டைவிரல்னா மேல கூட்டிட்டுப் போ.
எனக்கு உசிரே போயிருச்சு."

பையன் பக்கத்தில் வந்திருந்தான்.
"உள்ள என்ன சார் இருக்கு?"
"கல்லு. மீனு. ஒரு செருப்பு."
"எந்தக் காலு?"
"பாக்கலயே."
கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான்.
பிறகு ஆடுகளை அதட்டிக்கொண்டு
மேடேறிப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை, ஒன்பது நாற்பது காரைக்குடி.
மைக்கைப் பிடித்துப் பாதி சொல்லும்போது
வலது காதிலிருந்து
வெதுவெதுப்பாக ஒரு சொட்டு கழுத்தில் இறங்கியது.
நிறுத்தினேன்.
பஸ் ஸ்டாண்ட் முழுக்க ஒலிபெருக்கிகளில்
என் மூச்சு மட்டும்.

இடது கால்.
நீல வார்.
சின்ன அளவு.

குடி, என்று முடித்தேன்.
வண்டி கிளம்பியது.