கிழக்கே பார்த்த மடிக்கணினி

ரூவியில் எங்கள் ஹாலில் ஒரு கடிகாரம்.
இருபத்தேழு வருஷமாகியும்
அது இன்னும் மஸ்கட் வந்து சேரவில்லை.
ஒன்றரை மணி நேரம் முன்னால்
திருநெல்வேலியிலேயே நிற்கிறது.
அப்பா அதைப் பார்த்துத்தான் சாப்பிடுவார்,
பகல் பதினொன்றுக்கே ரசம் வந்துவிடும்.
டைல்ஸ் கடைக் கணக்குக்கு மட்டும் கைக்கடிகாரம்.
அது கம்பெனி நேரம்.
வாசலில் செருப்போடு கழற்றிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு
காந்திமதி அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள்.
வந்தார்கள் என்றால்
டொரண்டோவிலிருந்து,
என் மடிக்கணினிக்குள்.

வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து.
அப்பா பஞ்சாங்கத்தை விரித்தார்.
“நெல்லையில ராகுகாலம் போயே போச்சு.
இங்க போயி அஞ்சு மணி நேரமாச்சு.
அங்க இனிமேத்தான் வரும், ஒன்றரை மணியில.”
“ராகுவும் விசா எடுத்துத்தான் போறாராப்பா?”
முறைத்தார்.
சிரித்தது ஆவுடையப்ப மாமா மட்டும்,
அதுவும் பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு.

அடுத்து திசை.
மாப்பிள்ளை கிழக்கே பார்த்திருக்க வேண்டும்.
திரைக்குள் இருக்கிறவருக்குக் கிழக்கு எது?
மடிக்கணினியைக் கிழக்கே திருப்பினால்
எதிரே உட்காரும் அக்காவுக்கு மேற்கு.
அக்காவைத் திருப்பினால் அவருக்கு மேற்கு.
சார்ஜர் வயரும் அத்தனை நீளமில்லை.
மாமாதான் தீர்ப்புச் சொன்னார்:
ரெண்டு பேருமே கிழக்கு.
ஆக, ஒரு நாற்காலியில் மடிக்கணினி,
பக்கத்து நாற்காலியில் பட்டுச்சேலையில் அக்கா,
மணவறையில் உட்கார்ந்த மாதிரி
ஒருவரை ஒருவர் பார்க்காமல்.
முதல் பத்து நிமிஷம் தாணு பார்த்தது
எங்கள் ஃபிரிட்ஜை.
“டபுள் டோரா?” என்று அவர் அம்மா விசாரித்தார்.

சம்பந்தி முகம் தெரிந்ததும்
வீடு மொத்தமும் மரியாதையாக எழுந்து நின்றது.
கேமராவில் நான்கு வயிறுகள் தெரிந்தன.
அம்மா காபி டம்ளரைத் திரைக்கு நேரே நீட்டி
“சூடா இருக்கு, பாத்து” என்றாள்.

மாமா வம்சம் சொல்லத் தொடங்கினார்.
கொள்ளுத்தாத்தா கொடுக்கல் வாங்கல்,
கோர்ட்டில் கிடக்கிற வாழைத்தோப்பு,
கடையநல்லூர் வகையறா, அதில் பேசாமல் போனவர்கள்.
கல்லிடைக்குறிச்சிக் கிளையில் கால் வைத்த நேரம்
நாற்பது நிமிஷம் முடிந்து
இலவசக் கணக்கு எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டது.
திரை இருண்டது.

“சகுனம்” என்றார் அப்பா.
“சந்தா” என்றேன் நான்.

அவர் கார்டைப் போட்டேன்.
ஓடிபி அவர் போனுக்கு வந்தது.
“சொல்லுங்கப்பா.”
“யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கான்.”
“நான் உங்க மகன்.”
“யார்ட்டயும்னா யார்ட்டயும்தான்.”
ஆறு எண்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.
உள்ளே முணுமுணுப்பு, மனப்பாடம் செய்கிறார்.
திரும்பி வந்து என்னைக் கண்ணை மூடச் சொல்லி
ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள்
காலாவதி.
இன்னொன்று. அதுவும்.
டொரண்டோவில் ராகு படியேறிக்கொண்டிருந்தார்.

அக்கா இதற்குள் மேற்கே திரும்பி உட்கார்ந்து
போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.
எட்டிப் பார்த்தேன். தாணு.
‘உங்க அப்பா சொல்றது சரிதான்.
எங்க அப்பாவும் எங்கிட்ட சொல்ல மாட்டார்.
ஃபிரிட்ஜ் பிடிச்சிருக்கு.
பக்கத்துல யாரோ இருந்தாங்களாமே, அவங்களையும்.’
அந்த நம்பர் அவளுக்கு எப்படி வந்தது
என்று நான் கேட்கவில்லை.
யாரிடமும் என்றால் யாரிடமும்தான்.

மூன்றாவது ஓடிபியில் திரை வெளுத்தது.
மாமா தொண்டையைச் செருமினார்,
விட்ட இடத்திலிருந்து.
அம்மா டம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.
“யாரும்மா குடிக்கப் போறாங்க?”

“அதுக்காக?
ஆறிப்போனதையா மாப்பிள்ளைக்குக் காட்டுறது?”