சிவப்பில் நிற்கும் டாக்சி

வியாழன் இரவு ஒன்பதரைக்கு
இப்போது சமையல் போட்டி போடுகிறார்கள்.
வெங்காயத்தை வேகமாக நறுக்குகிறவருக்கு ஒரு கார்.

அதே நேரத்தில்தான்
இருபத்திரண்டு வாரம்
எங்கள் பரமகுரு டாக்சி ஓட்டினார்.
மீட்டர் பின்னோக்கி ஓடும் டாக்சி.
ஏறும்போது நாற்பது வெள்ளி,
போகப் போகக் குறையும்,
பூஜ்யத்தில் கதவைத் திறந்தால்
வெளியே நேற்று.
சில சமயம் போன தீபாவளி.
முன் இருக்கையில் ஓர் உடும்பு,
பெல்ட் போட்டுக்கொண்டு
வழி சொல்லும், பெரும்பாலும் தப்பாக.
ஏன் உடும்பு என்று எங்களில் யாரும் கேட்கவில்லை.
கேட்டவர்கள் வேறு சேனலுக்குப் போய்விட்டார்கள்.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
லோரி ஏறும், முள் நிற்கும், எழுதுவேன்.
வியாழன் ராத்திரி ஷிப்டைத் தள்ளிவிட
தேவகுமாரியின் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம்
நான் வாங்கிக்கொண்டேன்.
வீட்டில் டிவி இல்லாமலில்லை.
ஆனாலும் ருத்ராபதியின் டயர் கடையில்தான் பார்ப்போம்,
முதல் வாரம் அங்கேதான் பார்த்தோம் என்பதால்,
ஆளுக்கொரு பஞ்சரோடு,
ஒருவரையொருவர் தெரியாமல்.

ஆ லெக் கீழே ஓடும் மலாய் எழுத்தை வாசித்துவிட்டுச் சிரிப்பார்.
நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு
அவர் சிரிப்பு மட்டும் தனியாக வரும்.
அதற்கு இன்னொரு தடவை சிரிப்போம்.
ரொஹானாக்கா உடும்புக்காக மட்டுமே வந்தார்.
அது திரையில் இல்லாத நேரமெல்லாம்
வாழைப்பழ பஜ்ஜி விநியோகம்.

கடைசி வாரம்
அது கடைசி என்று தெரியாது.
விளக்கு சிவப்பு. டாக்சி நிற்கிறது.
பின் இருக்கையில் ஒரு பெண்,
மடியில் சாக்கில் கட்டிய பலாப்பழம்.
'இது பலாப்பழம் இல்லை' என்கிறாள்.
உடும்பு மெதுவாகத் திரும்புகிறது.
பெயர்கள் ஓடின.

அடுத்த வாரம் வெங்காயம்.

கடிதம் எழுதினோம்.
'சுங்கை லாலாங் டாக்சி ரசிகர்கள்' என்று கையெழுத்து,
கீழே ருத்ராபதியின் கடை முத்திரை.
பதில் வந்தது, அதுவே அதிசயம்.
மதிப்புக்குரிய டாக்சி ஓட்டுநர் சங்கத்தார்க்கு,
போதிய பார்வையாளர்கள் இல்லை.

'போதிய என்றால் எத்தனை?' என்றார் ஆ லெக்.
விரல் விட்டு எண்ணினோம். பதினாலு.
கேட்டால் இல்லையென்று சத்தியம் செய்யும்
மேல்பிரிவு மண்டோரைச் சேர்த்தால் பதினைந்து.
யார் வீட்டிலும் அவர்களுடைய எண்ணும் பெட்டி கிடையாது.
இந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக் குலை
எத்தனை கிலோ என்று
பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
எங்களை எந்த மேடையில் ஏற்றினார்கள்?

அப்புறம் சாக்குக்குள் என்ன என்கிற சண்டை.
அமராவதி டீச்சர், அது பரமகுருவின் தலை என்றார்,
வரப்போகும் வருடத்திலிருந்து.
ருத்ராபதி, முட்டை என்றார். உடும்பின் முட்டை.
ஆ லெக் பலாப்பழம்தான் என்றார்.
அந்தப் பெண் சும்மா பொய் சொல்கிறாள்,
எல்லோரும் டாக்சியில் பொய்தான் சொல்வார்கள்.
இதற்காக ருத்ராபதியும் அவரும்
மூன்று வாரம் பேசவில்லை.
நான்காவது வாரம் ஆ லெக்
நல்ல டயரோடு கடைக்கு வந்து
காற்று அடிக்கச் சொன்னார்.

எங்கள் டவுனுக்கு ஒரே ஒரு சிக்னல்.
அதில் சிவப்பு விழுந்தால் போதும்,
என் கண் பக்கத்து வண்டியின்
பின் இருக்கைக்குப் போய்விடுகிறது.
பிள்ளைகள், காஸ் தோம்பு, ஒருமுறை தையல் மெஷின்.

நேற்று மழை.
பக்கத்தில் ஒரு பழைய கஞ்சில்,
ஓட்டுவது முன்பின் பார்த்திராத ஒரு பெண்,
ஆலைச் சீருடை இல்லை, எந்தத் தோட்டமோ.
அவள் பின் இருக்கை காலி.
நிமிர்ந்தால்
அவள் என் பின் இருக்கையைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை விழுந்தது. பின்னால் லோரி அடித்த ஹார்னில்
இருவரும் போகவேண்டியதாயிற்று,
அவள் பீடோங் பக்கம்.

நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு
டயர் கடைக்குப் போனேன்.
ருத்ராபதி ஒரு லோரிக்கு அடியில் கிடந்தார்.
குனிந்து சொன்னேன்,
பதினாறு.