ஐந்தாம் எண்

செவ்வாய், வியாழன், சனி.
எங்கள் வாரத்துக்குக் கிழமைகள் மூன்றுதான்.
பசுமலையில் இருட்டோடு பஸ் ஏறி
கோரிப்பாளையத்தில் இறங்கினால்
பெரியாஸ்பத்திரியில் நாலு மணி நேரம்
இவருடைய ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே போய்
இன்னொரு குழாய் வழியே வீடு திரும்பும்.
நான் பெஞ்சில் உட்கார்ந்து
யார் யாருடைய கல்யாணச் சேலைக்கோ குஞ்சம் முடிவேன்.

நாளைக்கு எழுநூறு மில்லி தண்ணீர்.
பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நெயில்பாலிஷால்
கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
அக்கினி நட்சத்திர மத்தியானங்களில்
இவர் அந்தக் கோட்டைப் பார்க்கிற பார்வையை
எந்த ஜெபத்திலும் நான் சொன்னதில்லை.
சிலுவையில் தாகம் என்றவருக்குச்
சொல்லித்தானா தெரிய வேண்டும்.

"கர்த்தருடைய வேளை" என்றார் ஆயர்.
"கர்த்தருடைய வேளைம்மா" என்றாள் எப்சிபாய்,
இவர் தொடவே கூடாத சாத்துக்குடிகளோடு வந்து.
ஆமென் என்றேன்.
என்றாலும் ராத்திரி, தலையணைக்குள்,
ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வேன்:
சீக்கிரம்.

நாற்பத்தொன்றில் தொடங்கிய எண்
நாலு வருஷத்தில் ஐந்துக்கு வந்திருந்தது.

போன மாசம், புதன், ஒன்றேகால் மணிக்கு போன்.
"சத்தியசீலன் வீடா? ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காம
கூட்டிட்டு வாங்க. நீங்க அஞ்சாவது.
முன்னால இருக்கவங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல்னா..."
வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டாள் அந்தப் பெண்.

ஆட்டோ பழங்காநத்தம் தாண்டும்போது
உதட்டால் மட்டும் பாடினேன்.
பெரியார் நிலையத்தில் டீக்கடை திறந்திருந்தது.
வைகைப் பாலத்தில் காற்று.
எல்லாம் எங்களுக்காகவே விழித்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

யாருடையது என்று சொல்லக் கூடாது, அது விதி.
தாழ்வாரத்துக்கு அந்த விதி தெரியவில்லை.
சுவரோரம் ஒரு அம்மா.
மடியில் பாலிதீன் பை.
பைக்குள் ஒரு ஜோடி ஷூ,
ஒன்றின் கயிறு இன்னும் முடிச்சோடு.
யாரோ டீ நீட்டினார்கள்.
வாங்கினாள்.
ஆறி, ஆடை படியும்வரை
அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

ஆண்டவரே,
நான் சீக்கிரம் என்றது
இதையா?

நாலே முக்காலுக்கு நர்ஸ் வந்து சொன்னார்:
முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் பொருந்திவிட்டது,
நீங்கள் போகலாம்.
இவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப, தண்ணி குடிக்கலாமா?"
மூடியில் அளந்து ஊற்றினேன்.
வெளியே போக அந்த அம்மாவைக் கடக்க வேண்டும்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

இப்போது இவர் எண் மூன்று.
ஒரு பையன், இரண்டு இடம்.
ஆராதனை முடிந்து எப்சிபாய் விரல் விட்டு எண்ணி
ஸ்தோத்திரம் என்றாள். எனக்கு வாய் எழும்பவில்லை.
வேளை என்றால் கடிகாரம் என்றிருந்தேன்.
ஒரு முனையில் இவர் படுத்திருக்கிறார்.
மறு முனையில் யாரோ
தட்டில் கை கழுவிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு,
இந்தா வந்துர்றேம்மா என்று கிளம்புகிறான்.
இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறீரே,
உமக்குக் கை வலிக்காதா?

ஜெபத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.
பல் விழுந்த இடம் போல இருக்கிறது அது.
நாக்கு போய்ப் போய்த் தொடுகிறது.

நேற்று சனி.
பழங்காநத்தம் சிக்னலில் பஸ் நின்றது.
ஜன்னலுக்குக் கீழே பைக்கில் ஒரு பையன்,
ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு
போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான்.
"தம்பி, அதைத் தலையில போடுப்பா."
யார் இந்தப் பொம்பளை என்று நிமிர்ந்தான்.
"போடுப்பா. நான் பாக்கணும்."
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
போட்டான். வார் தொங்கியது.

என் தோளுக்கு மேலாக எட்டி,
ஊசித் தழும்பு புடைத்த கையை வெளியே நீட்டி,
"கிளிப்பையும் மாட்டு" என்றார் இவர்.

பச்சை விழுந்தது.
பையன் எங்களை முந்திக்கொண்டு போனான்.