கிடைக்கப்பெற்றது

வாசல் மெசின் என் விரலை ஏற்கவில்லை.
பெருவிரல் வைத்தேன், சுட்டுவிரல் வைத்தேன்,
சீலையில் துடைத்துவிட்டு நடுவிரலும் வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும் என்றது
மூன்று மொழியில்.
பதினொரு வருசமாய் நண்டுக்கோது தின்ற ரேகை,
அதுக்கெங்கே விளங்கப்போகுது.
"பரவாயில்லை அக்கா, இடாப்பில ஒப்பம் வையுங்கோ"
என்றா துஷ்யந்தினி மிஸ்.
என் மேற்பார்வையாளர், வயது இருபத்தாறு.
எனக்கு நாற்பத்திமூன்று.

அரச அனுசரணையுடன் உள்ளகப் பயிற்சி,
தொண்டமைப்பு உறுப்பினர்களுக்கு, மூன்று மாதம்.
நாளொன்றுக்கு அறுநூறு ரூபா,
மாத முடிவில்,
அதாவது அடுத்த மாத முடிவில்.
குருநகரில் சங்கக் கொட்டிலுக்குள்
பேர் எழுதிக் குலுக்கினோம்.
எமல்டா என்று விழுந்ததும் ஜெசிந்தா சொன்னாள்:
"போய், அங்க என்னதான் நடக்குதெண்டு
பாத்துக்கொண்டு வா."
வேவு பார்க்கப் போகிறவள் மாதிரித்தான்
கடற்கரை வீதியால்
கச்சேரிக்குச் சைக்கிள் உழக்கினேன்.

முதல் கிழமை கோவை கட்டப் பழகினேன்.
துளை போட முன்னம் தாளை மடித்து
நடுவைக் குறிக்கப் பழகினேன்.
'தங்கள் கடிதம் தொடர்பாக' என்று தொடங்கி
ஒன்றுமே சொல்லாமல் முடிக்கவும்.
லேசில்லை அது.
நண்டுக் காலுக்குள்ளிருந்து
சதை பிய்யாமல் எடுப்பதைவிட நுணுக்கம்.

இன்னொன்றும் கண்டேன்,
சங்கத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள்:
இவர்களுக்கும் மேலேயிருந்து பதில் வருவதில்லை.
மிஸ் கொழும்புக்கு எழுதிவிட்டு
எங்களைப்போலவே
தபால் பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறா.
அவவின் மேசை ஆடாமலிருக்க
ஒரு காலுக்குக் கீழே
எட்டாய் மடித்த சுற்றறிக்கை.

ஆறாம் கிழமை, புதன்.
இரும்பு அலுமாரியின் அடித்தட்டை
திகதிவாரியாக அடுக்கச் சொன்னார்கள்.
தூசு, துருப்பிடித்த குண்டூசி,
காய்ந்துபோன ஒரு பல்லி.
அதற்குக் கீழே
என் கையெழுத்து.

'ஐயா, எங்கள் சங்கத்தின் குளிரூட்டி பழுதடைந்து...'
ஐயன்னாவை இப்படிச் சுழிக்கிறவள்
யாழ்ப்பாணத்தில் நான் ஒருத்திதான்.
அடியில் பன்னிரண்டு பேரின் ஒப்பம்.
ஒருத்தி இத்தாலியில் இப்போது,
ஒருத்தி கொஞ்சேஞ்சி மாதா சேமக்காலையில்.
ஓரத்தில் பச்சை மை:
உரிய நடவடிக்கைக்காக.
அந்த 'உரிய' யாருக்குரியது என்று
ஒருவரும் எழுதவில்லை.

அழுகை வரவில்லை. கோபமும் உடனே வரவில்லை.
முதலில் வந்தது வெட்கம்.
'இணைப்பு: மூன்று' என்று போட்டிருக்கிறேன்,
ஒன்றைக்கூட இணைக்கவில்லை.
சங்கத்தின் பதிவிலக்கமும் இல்லை.
இந்தக் கடிதம் இன்றைக்கு என் மேசைக்கு வந்தால்
நானும் அடித்தட்டில்தான் போடுவேன்.
அப்படி நினைத்த பிறகே வந்தது கோபம்,
யார்மேல் என்று தெரியாமல்
கொஞ்சநேரம் அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

பிறகு முத்திரையை எடுத்தேன்.
கிடைக்கப்பெற்றது.
இன்றைய திகதி.
ஒரு கரை மங்கிவிட்டது, இன்னொருமுறை அழுத்தினேன்.

மிஸ் இரண்டுதரம் வாசித்தா.
ஒப்பத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா,
பிளேன்ரீக் கோப்பையை அந்தப்பக்கம் நகர்த்தினா.
"இணைப்பு எங்க அக்கா?"
"கொண்டுவாறன்."
"அப்பிடியெண்டா முறைப்படி கேப்பம்.
பதில நீங்களே எழுதுங்கோ."

பெறுநர்: செயலாளர் என்று தொடங்கினேன்.
செயலாளரின் பேரும் நானே.
தங்கள் கடிதம் தொடர்பாக...
பேனை அதில் நின்றது.
இவ்வளவு நாளும் பழகின வசனங்கள்
ஒவ்வொன்றாய் வந்து வரிசையில் நின்றன.
ஒன்றையும் எடுக்கவில்லை.
தேவையான மூன்று தாளின் பேரையும்
வரி வரியாக எழுதினேன்,
எந்த அறையில், எவரிடம் கொடுக்கவேண்டுமென்றும்.

நாலேகாலுக்கு மெசினில் மறுபடி விரல் வைத்தேன்.
மீண்டும் முயற்சிக்கவும்.
இடாப்பில் ஒப்பம்.
சைக்கிள் கூடைக்குள், உப்புக்காற்றில் பறக்காமல்
சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே,
எனக்கு நான் எழுதிய அரச கடிதம்.
ஏழு நாளுக்குள் பதில் தரவும் என்று
கடுமையாகத்தான் எழுதியிருக்கிறேன்.